தானாக அணையும் வீட்டுக் கணினி: ஃபார்மட்டா, எஸ்எம்பிஎஸ் மாற்றமா?

வேலைக்கு நடுவே மேசைக் கணினி தானாக அணைந்து மீண்டும் எழும்பத் தொடங்கினால், காரைக்குடிப் பக்கம் பெரும்பாலும் முதலில் கிடைக்கும் யோசனை, ஃபார்மட் செய்து விண்டோஸைப் புதிதாக ஏற்றுவது. மற்றொரு வழி, கணினியின் பாகங்களுக்கு மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றி, மின்வழியைச் சரிபார்ப்பது. எங்கள் வீட்டில் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுத்தோம். இங்குள்ள பழைய வீடுகளில் கணினி வைத்திருப்போருக்கும் அதையே பரிந்துரைக்கிறேன்.

ஃபார்மட்டுக்கும் இடமுண்டு. நச்சுநிரல் புகுந்திருந்தாலோ, விண்டோஸின் கோப்புகள் பழுதாகியிருந்தாலோ அது நல்ல தீர்வுதான், செலவும் குறைவு.

ஆனால் ஃபார்மட் செய்தால் நோய்க்கான தடயமும் அழிந்துவிடும் என்பதையே நான் முதன்மையாகக் கருதுகிறேன். விண்டோஸ் தன் நிகழ்வுகளைக் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் 'கெர்னல்-பவர் 41' என்ற பதிவு இருந்தால், கணினி முறைப்படி மூடப்படாமல் மீண்டும் தொடங்கியது என்று மட்டுமே பொருள். அதன் விவரப் பகுதியில் 'பக்செக்கோட்' 0 என்று இருந்தால், விண்டோஸ் பிழை எதையும் குறித்து வைப்பதற்குள் இயக்கம் நின்றிருக்கிறது என்று கொண்டு, மின்சாரத்தையும் வெப்பத்தையும் முதலில் சந்தேகிக்கலாம். வேறு எண் இருந்தால், பாகங்களை இயக்கும் டிரைவர் மென்பொருள், நினைவகமான ரேம் ஆகியவற்றின் பக்கம் திரும்ப வேண்டும். ரேமைச் சோதிக்கும் கருவி விண்டோஸிலேயே இருக்கிறது.

எஸ்எம்பிஎஸ்ஸின் 12 வோல்ட் இணைப்பு 11.4 முதல் 12.6 வரை இருக்கலாம். கணினி சும்மா இருக்கும்போது மல்டிமீட்டர் சரியான அளவைக் காட்டினாலும், சுமை ஏறியதும் அது தாழக்கூடும் என்பதால், நன்றாக இயங்கும் வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸைப் பொருத்திப் பார்ப்பதே நம்பகமான சோதனை. எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டர்களின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி உயர்ந்தால் ஏறத்தாழப் பாதியாகும்; நம் ஊர்க் கோடையும் விசிறியில் படியும் செம்மண் தூசியும் அவற்றுக்குப் பகை. நல்ல நிலையிலுள்ள எஸ்எம்பிஎஸ், மின்சாரம் தடைபட்டாலும் ஏறத்தாழ 16 மில்லிவிநாடி தாக்குப்பிடிக்கும். கெப்பாசிட்டர் தளர்ந்த பின், யூபிஎஸ் பேட்டரிக்கு மாறும் அந்தச் சிறு இடைவெளியையே தாங்காது. போர் மோட்டார் போடும் நேரத்தில் விளக்கு மங்கிக் கணினியும் அணைகிறதென்றால், ஃபார்மட்டுக்கு அங்கே வேலையே இல்லை. யூபிஎஸ் புதிதாக வாங்குவோர், மின்னழுத்தத்தைத் தானே சீராக்கும் ஏவிஆர் உள்ளதையே வாங்குவது நல்லது.

பழைய வயரிங்கில் எர்த் இல்லாதிருந்தால் அதையும் போட்டுவிட வேண்டும். அது கணினி அணைவதைத் தடுக்கும் என்று சொல்ல மாட்டேன். பெட்டியைத் தொடும்போது சுரீரென்று அடிப்பதிலிருந்து வீட்டாரைக் காக்கும்.

மடிக்கணினிக்கு இந்த ஒப்பீடு அப்படியே பொருந்தாது. பெரிய கிராஃபிக்ஸ் கார்டு கொண்ட கணினிகளில் எனக்குப் பழக்கம் குறைவு. எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்து கெப்பாசிட்டரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்று எவரேனும் சொன்னால் வீட்டில் முயல வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கக்கூடும்.