கடலூர்த் தண்ணீரில் இட்லிப்பூ

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுத் தோட்டத்தில் இட்லிப்பூ வளர்த்துப் பல வருஷமாகிறது. கடலோர ஊரில் இது வருமா என்று கேட்டால், தாராளமாக வரும். சங்கப் பாட்டில் வரும் வெட்சி இனம்தான். நம்ம மண்ணுக்குப் புதிதல்ல. சித்திரை வெயிலுக்கும் அசராது. அதற்கு ஒத்துக்கொள்ளாதது சுண்ணாம்பு.

எங்களிடம் இரண்டு செடி. செம்மண் கொட்டிய பாத்தியில் நிற்பது கரும்பச்சையாகச் செழித்திருக்கிறது. மதில் சுவரை ஒட்டி நிற்பதுதான் அடிக்கடி வெளுக்கிறது. பழைய இலைகள் பச்சையாகவே இருக்கும். புதுத் துளிர் மட்டும் மஞ்சளாகி, அதில் நரம்புகள் பச்சை வலை போலத் தெரியும். இது இரும்புச்சத்துக் குறை. பெரும்பாலும் மண்ணில் இரும்பு இருக்கும். சுவரிலிருந்து இறங்கும் சுண்ணாம்பும் போர்த் தண்ணீரும் மண்ணைக் காரமாக்குவதால் வேரால் அதை எடுக்க முடியாது. யூரியா போட்டு இது தீராது.

நான் செய்வது: நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அன்னபேதியை (இரும்பு சல்பேட் உப்பு) லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் கரைத்து, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டு, சாயங்காலம் இலையில் தெளிப்பேன். தெளித்த துளிர் பச்சைக்குத் திரும்பும். தரையிலோ சுவரிலோ பட்டால் துருக்கறை பிடிக்கும், லேசில் போகாது, பார்த்துத் தெளியுங்கள். ஆனால் இது அவசரத்துக்குத்தான். மாடியில் பிடித்த மழைத்தண்ணீரை ஊற்றுவதுதான் நிரந்தர வழி. ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தச் சுவரோரச் செடியும் தானாகவே தேறிவிடுகிறது. வேரடியில் தண்ணீர் தேங்காமல் மட்டும் வழி வெட்டிவிட வேண்டும்.

அப்புறம், கவாத்து. கிளை நுனியில்தான் கொத்து வரும். வேலி மாதிரி எப்போதும் சதுரமாக வெட்டிக்கொண்டே இருந்தால் மொட்டும் சேர்ந்து போய்விடும். ஒரு பூப்பு ஓய்ந்ததும் காய்ந்த கொத்துக்குக் கீழே வெட்டினால் பக்கக் கிளை பிரிந்து பூக்கும்.

மாவுப்பூச்சி வருவதுண்டு. எறும்பு வரிசையாக ஏறினால் இலையடியைத் திருப்பிப் பாருங்கள். சோப்புத் தண்ணீரில் கொஞ்சம் வேப்பெண்ணெய் கலந்து இரண்டு மூன்று தடவை அடித்தால் அடங்கிவிடும்.

இத்தனை பாடும் தகும். காலையில் தேன்சிட்டு வந்து அந்த நீளக் குழல்களில் அலகை விடுவதை வாசலில் நின்றே பார்க்கலாம். பிள்ளைகளும் பூவின் நடு நாரை உருவி, நுனியில் நிற்கும் தேன் துளியைச் சப்புகிறார்கள். அதனாலேயே இந்தச் செடிக்குக் கடை விஷமருந்து எதுவும் நான் அடிப்பதில்லை.

இடம் குறைவாக இருந்தால் குட்டை ரகம் வாங்குங்கள். தொட்டியில் செம்மண்ணும் மக்கிய எருவும் போதும், நல்ல வெயில் வேண்டும்.