எர்லாங்கில் ரெக்கார்டா, மேப்பா?

2014இல் எர்லாங் நிரல்மொழியின் 17ஆம் பதிப்பு வரும் வரை, பெயரிட்ட புலங்களை (தகவல் உறுப்புகளை) ஒன்றாகக் கட்டிவைக்க ரெக்கார்டுதான் வழக்கமான வழி. அந்தப் பதிப்போடு, ஒவ்வொரு மதிப்பையும் ஒரு சாவியோடு இணைத்து வைக்கும் மேப்பும் வந்தது. எங்கள் குறுஞ்செய்தி சர்வரை ரெக்கார்டில் எழுதி, இரண்டு ஆண்டுகள் ஓட்டி, பிறகு மேப்புக்கு மாற்றியவன் நான். என் சாய்வு எந்தப் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை.

வேகத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம். ரெக்கார்டு சற்று முந்தும். ஆனால் 32 சாவிகள் வரை மேப்பும் அடக்கமான வடிவில்தான் நினைவகத்தில் இருக்கிறது.

என்னை மாற வைத்தது, சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு புலத்தைச் சேர்க்க வேண்டிய தேவை. ரெக்கார்டு என்பது நிரல் எழுதுபவரின் கண்ணுக்கு மட்டும்தான் ரெக்கார்டு. நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும் கம்பைலர் அதை வெறும் டியூப்பிளாக்கிவிடும், அதாவது புலப்பெயர்கள் இல்லாத வரிசையாக: முதல் இடத்தில் ரெக்கார்டின் பெயர், அடுத்தடுத்து மதிப்புகள். நான்கு புலம் என்றால் ஐந்து இடம். ரெக்கார்டின் வரையறை இருக்கும் ஹெடர் ஃபைலில் இன்னொரு புலத்தைச் சேர்த்தால், புதிய நிரல் ஆறு இடங்களை எதிர்பார்க்கும். ஏற்கெனவே ஓடும் ப்ராசஸின் (சர்வருக்குள் தனித்து இயங்கும் அலகின்) கையில் இருப்பதோ பழைய ஐந்துதான்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, மறுமுயற்சி எண்ணிக்கைக்கு ஒரு புலம் சேர்த்து, மாட்யூலை (நிரல் கோப்பை) ஷெல் என்ற கட்டளைத் திரையிலிருந்தே ஏற்றினேன். அடுத்த செய்தி வந்ததும், ரெக்கார்டின் வடிவம் பொருந்தவில்லை என்னும் பேட்ரெக்கார்டு பிழை. விழுந்த ப்ராசஸைக் கவனிக்கும் சூப்பர்வைசர் கடமை தவறாமல் ப்ராசஸை மறுபடி எழுப்பியது, வெற்று நிலையோடு. வரிசையில் காத்திருந்த செய்திகள் போயே போயின. பழைய நிலையைப் புதிய வடிவுக்கு மாற்றித்தர கோட்சேஞ்ச் (code_change) என்ற கால்பேக் உண்டு; நாம் எழுதிவைத்தால் எர்லாங்கே அழைக்கும் செயற்கூறு அது. முறையான ரிலீஸ் மேம்படுத்தலில் அது இயங்கும், ஷெல்லில் அவசரமாக ஏற்றினால் இயங்காது. தவறு என்னுடையதுதான். ஆனால் வெள்ளிக்கிழமை மாலையில் யார்தான் முறைப்படி செய்கிறார்கள்?

ஹெடர் ஃபைலைச் சேர்த்துக்கொண்ட மாட்யூல்கள் அனைத்தையும் மறுபடி கம்பைல் செய்யும் தொல்லை வேறு. இரண்டு நோடுகளில் (எர்லாங் ஓடும் தனித்தனி அமைப்புகளில்) ஒன்று பழைய பதிப்பில் நின்றுவிட்டால், இரண்டும் ஒரே பெயரைச் சொல்லி வெவ்வேறு பொருளை அனுப்பிக்கொண்டிருக்கும்.

மேப்பில் சாவியும் மதிப்போடு சேர்ந்தே பயணிக்கிறது. வேண்டிய சாவிகளை மட்டும் குறிப்பிட்டுப் பொருத்தலாம். கூடுதலாக இருப்பவை இடைஞ்சல் செய்வதில்லை. புதிய சாவியை மட்டும், இல்லையென்றால் சுழியம் என்று இயல்புமதிப்போடு கேட்க வேண்டும். அதை மறந்தால் மேப்பும் காப்பாற்றாது.

ரெக்கார்டின் பக்கம் ஒரு வலுவான நியாயம் இருக்கிறது: எழுத்துப்பிழை. இல்லாத புலத்தைக் குறிப்பிட்டால் கம்பைலர் அங்கேயே நிறுத்திவிடும். மேப்பில் => என்று எழுதினால் தவறான சாவி சத்தமில்லாமல் ஒட்டிக்கொள்ளும். இருப்பதைப் புதுப்பிக்க := மட்டுமே என்று விதி வைத்திருக்கிறோம்; அப்போதும் பிழை ஓடும்போதுதான் தெரியும். எங்கள் குழுவில் மூன்று பேர்தான். முப்பது பேர் கைவைக்கும் நிரலில் இந்த விதி தாக்குப்பிடிக்கும் என்று உறுதி கூற மாட்டேன்.

எர்லாங்கோடு வரும் தரவுத்தளமான மினீசியாவின் அட்டவணைகளை மட்டும் மாற்றவில்லை. அதற்கு ரெக்கார்டு வடிவம்தான் வேண்டும். அந்த ஒரே ஹெடர் ஃபைல் இன்னும் இருக்கிறது, முதல் வரியில் ‘தொடுமுன் என்னிடம் கேட்கவும்’ என்ற குறிப்போடு.