பழைய எக்ஸ்டி கம்ப்யூட்டருக்குப் பெரிய ஃபிளாப்பி டிரைவ்: 1.2-ஆ, 720-ஆ, 1.44-ஆ?

கோட்டையூர் வீட்டின் இரண்டாங்கட்டில் அப்பச்சி 1989-இல் வாங்கிய எக்ஸ்டி ரகக் (ஐபிஎம்மின் பழைய பிசி வகை) கம்ப்யூட்டர் இன்னும் ஓடுகிறது. கோயில் புள்ளிக் கணக்கை அவர் டிபேஸ் என்ற தகவல் தொகுப்பு மென்பொருளில் ஏற்றி வைத்தது அதில்தான். கல்யாணமானால் கோயில் கணக்கில் ஒரு புள்ளி, அதாவது ஒரு குடும்பம். பெயர், ஊர், பிரிவு, கட்டிய வரி எல்லாம் நாற்பத்திரண்டு ஐந்தேகால் அங்குல ஃபிளாப்பிகளில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 360 கேபி. இதை இன்றைய லேப்டாப்புக்குக் கொண்டுவர அந்த மிஷினில் பெரிய டிரைவ் ஒன்றைச் சேர்க்க வேண்டியிருந்தது.

எந்த டிரைவ் என்று கேட்பதற்கு முன்னால் டிரைவைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் கண்ட்ரோலர் கார்டைப் பாருங்கள். எக்ஸ்டியில் இருக்கும் கார்டு நொடிக்கு 250 கிலோபிட் வேகத்தில்தான் பேசும். 360-க்கும், மூன்றரை அங்குல 720-க்கும் அது போதும். ஐந்தேகால் அங்குல 1.2 எம்பிக்கும் மூன்றரை அங்குல 1.44 எம்பிக்கும் 500 வேண்டும். டிரைவ் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

முதலில் மனம் போவது 1.2-க்குத்தான். 1984-இல், எக்ஸ்டிக்கு அடுத்த ரகமான ஐபிஎம் ஏடியோடு வந்த டிரைவ் அது. அதே ஐந்தேகால் அங்குலம், அதே இடத்தில் கச்சிதமாக உட்காரும், பழைய ஃபிளாப்பியையும் படிக்கும். படிக்கும் என்பது உண்மை. எழுதும்போதுதான் ஆபத்து. 360 டிரைவ் ஒரு பக்கத்தில் 40 ட்ராக் (வட்டத் தடம்) போடுகிறது, 1.2 டிரைவ் 80. அதனால் 1.2-இன் ஹெட், அதாவது படித்து எழுதும் முனை, ஏறக்குறைய பாதி அகலம்தான். பேரேட்டில் பெரிய எழுத்தில் எழுதிய ஒரு வரியின் மேல்பாதியை மட்டும் அழித்து, அங்கே சின்ன எழுத்தில் புதுக்கணக்கு எழுதினால் எப்படி இருக்கும்? சின்ன எழுத்துக்காரருக்குத் தெளிவாகத் தெரியும். முழு வரியையும் சேர்த்துப் பார்ப்பவருக்குப் பழையதும் புதியதும் கலந்து குழம்பும்.

எனக்கு அதுதான் நடந்தது. தேவகோட்டையில் உறவினர் வீட்டு ஏடியில் ஒரு ஃபிளாப்பியைப் போட்டு, ஒரே ஒரு பெயரைத் திருத்திச் சேமித்தேன். வீட்டுக்கு வந்து எக்ஸ்டியில் போட்டால் 'டேட்டா எரர்', அப்புறம் 'அபார்ட், ரீட்ரை, ஃபெயில்?'. அப்பச்சியின் கையெழுத்து லேபிளில் அப்படியே இருக்க, உள்ளே கணக்கு திறக்கவில்லை. அன்று இரவு தூங்கவே இல்லை. மறுநாள் அதே ஏடியில் படித்தேன், படித்தது. ஒருபோதும் ஃபார்மேட் செய்யாத புது 360 ஃபிளாப்பியை அங்கே ஃபார்மேட் கட்டளையோடு '/4' சேர்த்துத் தயார் செய்து, கோப்புகளை அதில் நகலெடுத்தேன். அடியில் பழைய தடம் இல்லாததால் எக்ஸ்டி அதைப் படித்தது. அந்த ஏடி பிறகு நின்றுபோனது. உங்களிடம் 1.2 டிரைவ் இருந்தால், ஃபிளாப்பியின் ஓரத்து வெட்டை ஸ்டிக்கர் ஒட்டி மூடிவிட்டுப் படிக்க மட்டும் போடுங்கள்.

1.44 டிரைவ் இன்றும் எளிதாகக் கிடைக்கிறது. ஆனால் எக்ஸ்டியின் கார்டில் மாட்டினால் அது 720 டிரைவாகத்தான் வேலை செய்யும். முழு 1.44 வேண்டுமென்றால், சொந்த பயாஸ் (டிரைவை இயக்கும் உள்நிரல்) உள்ள எட்டு பிட் ஹைடென்சிட்டி கண்ட்ரோலர் கார்டு வேண்டும். கிடைத்தால் அதைவிட நல்ல வழி இல்லை, 1.2-ம் ஓடும். காரைக்குடியில் பழைய சாமான் கடைத் தெருவில் தூண் கிடைக்கும், எனாமல் தூக்குச்சட்டி கிடைக்கும், இந்தக் கார்டு கிடைக்காது. 1.44 ஃபிளாப்பியின் ஓட்டையில் டேப் ஒட்டி 720 ஆக ஃபார்மேட் செய்பவர்கள் உண்டு. இரண்டின் காந்தப் பூச்சும் வேறு. முக்கியமான கணக்கை அதில் நம்பி வைக்க மாட்டேன்.

அதனால் நான் போட்டது 720. பழைய 360-ஐ ஏ டிரைவாகவே விட்டுவிட்டு, இந்தக் கார்டில் 720 ஆக வேலை செய்யும் 1.44 டிரைவ் ஒன்றை பி-யாக மாட்டினேன். இயங்குதளமான டாஸுக்கு 3.2 பதிப்பிலிருந்து 720 தெரியும், எங்களுடையது 3.3. கான்ஃபிக்.சிஸ் கோப்பில் டிரைவர்.சிஸ் வரியைச் சேர்த்து '/டி:1 /எஃப்:2' என்று (டி, எஃப் இரண்டும் ஆங்கில எழுத்தில்) கொடுக்க வேண்டும். அப்புறமும் பி என்று கேட்டால் 360 என்றே நினைக்கும். ஹார்ட் டிஸ்க் சி என்றால், 720-க்கு டி என்ற புது எழுத்து வரும். அதைத்தான் பயன்படுத்த வேண்டும். பழைய கேபிளில் பட்டைக் கனெக்டர் இருக்கும், புது டிரைவில் ஊசிகள், அதனால் ஒரு மாற்றி தேவை. பவர் பிளக்குக்கும் ஒன்று.

டிரைவை உட்காரவைக்கச் சட்டம் கிடைக்கவில்லை. பெட்டியின் இடைவெளி 146 மில்லிமீட்டர், டிரைவ் 102. பக்கத்துக்கு 22. ஆசாரி அண்ணன் பழைய நிலைக்கதவுத் தேக்குத் துண்டு இரண்டை அந்த அளவுக்கு இழைத்தார். "ஒரு நூல்கூட ஆடாது தம்பி" என்றார். ஆடவில்லை.

இரண்டு 360 ஃபிளாப்பி ஒரு 720-இல் அடங்குகிறது. அதை யுஎஸ்பி ஃபிளாப்பி டிரைவில் போட்டால் லேப்டாப் படித்துவிடுகிறது.

கோடெக் (Gotek) என்ற எமுலேட்டரையும் சொல்ல வேண்டும். ஃபிளாப்பி டிரைவ் இடத்தில் அதை மாட்டி, பென் டிரைவ் செருகினால், எக்ஸ்டிக்கு அது 720 டிரைவாகவே தெரியும். 720 ஃபிளாப்பி இப்போது தயாரிப்பில் இல்லாததால், கையில் பழைய இருப்பு இல்லாதவர்களுக்கு இதுதான் சரி. எனக்கு ஒரு பெட்டி 720 மிச்சம் இருந்தது.

இதுவரை முப்பத்தாறு முடிந்தது. மீதி ஆறிலும் பூஞ்சை. ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால், ஜன்னல் வழியாகத் தெரியும் வட்டத்தை மெல்லத் துடைத்து, விரலால் நடுவளையத்தைக் கொஞ்சம் திருப்பி, மறுபடி துடைத்து, நிழலில் காயவைத்திருக்கிறேன். ஒவ்வொன்றைப் படித்த பிறகும் டிரைவின் ஹெட்டையும் துடைத்துவிட்டுத்தான் அடுத்ததைப் போட வேண்டும்.