அரபு மகாமாத்தைத் தமிழில் தருவது எப்படி? மூன்று வழிகள், ஒரே பத்தி

மகாமா என்பது ஓசை நயமிக்க அரபு உரைநடைக் குறுங்கதை. இராக்கின் பஸ்ராவைச் சேர்ந்த அல்-ஹரீரி (1054–1122) எழுதிய 50 மகாமாக்களில் கதை என்பது பெரும்பாலும் ஒரே கதைதான். அபூ ஸைத் என்ற நாடோடி வேடமிட்டு வருவான், பேச்சால் கூட்டத்தை மயக்குவான், காசு வாங்கிக்கொண்டு நழுவுவான். கதையை ‘நான்’ என்று சொல்லிவரும் ஹாரிஸ் இப்னு ஹம்மாம் அவனை அடையாளம் கண்டுகொள்வார். வாசகரைக் கட்டிப்போடுவது அந்தப் பேச்சுதான். அது ஸஜ்உ என்னும் உரைநடை: யாப்பு இல்லை, ஆனால் வாக்கியத் துண்டுகள் இரண்டிரண்டாக ஒரே ஓசையில் முடியும்.

முதல் மகாமாவின் தொடக்கத்தில் துண்டுகள் முடியும் சொற்களைப் பாருங்கள். ‘இக்திராப் – அத்ராப்’, ‘ஸமன் – யமன்’, ‘விஃபாள் – இன்ஃபாள்’, ‘புல்கா – முள்கா’. நான்கு ஜோடிகள், எட்டுத் துண்டுகள். இதையே மூன்று வழிகளில் தமிழாக்கிப் பார்க்கலாம்.

முதல் வழி, சொல்லுக்குச் சொல், கீழே குறிப்பு. ஆங்கிலத்தில் தாமஸ் செனரி 1867இல் முதல் 26 மகாமாக்களை இப்படித்தான் தந்தார். மீதி 24ஐ ஸ்டைன்காஸ் முடிக்க, 1898இல் வெளிவந்தது. தமிழில்: “அந்நியம் போதல் என்னும் ஒட்டகத்தின் பிடரியில் நான் ஏறியபோது, வறுமை என்னை என் வயதொத்தவர்களிடமிருந்து விலக்கியபோது, காலத்தின் சுழற்சிகள் என்னை ஏமனின் ஸன்ஆவில் எறிந்தன.” பொருள் முழுசாக இருக்கிறது, ஓசை முழுசாகப் போய்விட்டது. ஆனால் வேர்ச்சொல் விளையாட்டைக் காட்ட இதைவிட்டால் வழியில்லை. வறுமைக்கு ஹரீரி போடும் சொல் ‘மத்ரபா’. அது ‘துராப்’, அதாவது மண், என்ற வேரில் பிறந்தது. மண்ணோடு மண்ணாய்க் கிடக்கும் ஏழ்மை. அதே த-ர-ப எழுத்துகள்தாம் ‘அத்ராப்’ என்ற தோழர்களிலும் இருக்கின்றன. பாடம் நடத்துபவருக்கு இந்த வழியே போதும். உரக்க வாசிக்க உதவாது.

இரண்டாம் வழி, இறுதி ஓசையை அப்படியே பிடிப்பது. ஜெர்மன் மொழியில் ஃப்ரீட்ரிக் ரூக்கர்ட் 1826இல் இதைச் செய்து பெரும்புகழ் பெற்றார். தமிழில் பலர் முதலில் இதைத்தான் முயல்வார்கள், இங்கேதான் வழுக்கும். நம் வாக்கியம் வினைமுற்றில் முடிகிறது. “ஒட்டகம் ஏறினேன், தோழரைப் பிரிந்தேன், ஸன்ஆவில் விழுந்தேன்.” இயைபு தானாக வந்துவிடுகிறது, அதனால் அதற்கு மதிப்பே இல்லை. ஒரே விகுதி திரும்பத் திரும்ப வருவதை நம் காது எதிர்பார்த்தே இருக்கிறது. பத்து வரிக்குள் அது தாலாட்டு ஆகிவிடும். இந்தப் பத்தியில் ஹரீரியின் முடிவுகளோ பெயர்ச்சொற்கள். ஒவ்வொன்றும் தேடிப் பிடித்தவை.

மூன்றாம் வழி, மொழிக்குள் இருக்கும் ஈடான வித்தையைப் போடுவது. தமிழ்க் காது ஓசையைத் தேடுவது துண்டின் தலையில், எதுகையில். ஆகவே:

“அயலூர் என்னும் ஒட்டகத்தில் ஏறி, வயதொத்த தோழரை வறுமையால் பிரிந்து, காலம் என்னைச் சுழற்றி எறிய, ஏலாதவனாய் ஏமனின் ஸன்ஆவில் விழுந்தேன். வெற்றுப் பையோடு, வற்றிய முகத்தோடு உள்ளே போனேன். கையிலே காசில்லை, பையிலே பருக்கையில்லை.”

‘புல்கா’ என்றால் காசு அல்ல, உயிர்தங்கும் அளவு உணவு. ஓசைக்காக அதை இழந்திருக்கிறேன். ‘மத்ரபா’வின் மண்ணும் போயிற்று. ஆனாலும் வாயில் வைத்துச் சொல்லிப் பாருங்கள், ஒருவன் கூட்டத்தின் நடுவே நின்று பேசுவது கேட்கும்.

இந்த வழியை எல்லை வரை கொண்டுபோனவர் மைக்கேல் கூப்பர்சன். 2020இல் வந்த அவரது ஆங்கிலத்தில் 50 மகாமாவுக்கும் 50 விதமான ஆங்கிலம்: இடைக்காலக் கவிஞர் சாசரின் நடை, நைஜீரிய ஆங்கிலம், சிங்கப்பூரின் சிங்லிஷ் வரை. தமிழில் அதைப் பார்த்து வட்டார வழக்குகளை அள்ளிக்கொட்டுவது ஆபத்து. மோசடிக்காரனின் வாயில் ஒரு ஊரின், ஒரு சாதியின் பேச்சை வைத்தால், பழி அந்த மக்கள்மேல் விழும்.

எழுத்துப் புதிர் மகாமாக்களில் மூன்றாம் வழியைத் தவிர வேறு வழியே இல்லை. 16ஆவது மகாமாவில் ‘லும் அகன் மல்ல’ என்ற தொடர் வருகிறது. அரபெழுத்தில் எந்தப் பக்கமிருந்து வாசித்தாலும் ஒன்றுதான். நம்மிடம் இதற்கு மாலைமாற்று இருக்கிறது, சம்பந்தர் பதிகமே பாடியிருக்கிறார். 28ஆவதில் ஒரு பிரசங்கம் முழுக்கப் புள்ளியில்லா எழுத்துகளால் ஆனது. அரபின் 28 எழுத்துகளில் 15க்குப் புள்ளி உண்டு. மிஞ்சிய 13ஐ வைத்தே பேச வேண்டும். ‘மின்’, ‘ஃபீ’ போன்ற அன்றாட இடைச்சொற்கள்கூடக் கிடையாது.

தமிழிலும் புள்ளி இருக்கிறது, மெய்யெழுத்தின் தலையில். அதைத் தவிர்த்து எழுதலாம்: “நிலையாத உலகிலே நிலையாவது எது? நாடுவதை விடு, தேடுவதை விடு.” ஒரு புள்ளியும் இல்லை. எங்கே இடிக்கும் என்றால், -ஆன், -ஆள், -ஆர் விகுதிகள், ‘கள்’, ‘க்கு’, எல்லா ஒற்று மிகுதலும் போய்விடும். ‘அல்லாஹ்’ என்றுகூட எழுத முடியாது. ‘இறைவா’ என விளித்துத் தப்பலாம். நடந்ததைச் சொல்லும் கதைக்கு இது ஒத்துவராது. ஏவலும் கேள்வியுமாக ஓடும் பிரசங்கத்துக்குக் கச்சிதமாகப் பொருந்தும், 28ஆவதில் ஹரீரி புள்ளியை நீக்கியதும் பிரசங்கத்தில்தான்.