மாம்பழ மண்டிக்கும் மாவு மில்லுக்கும் எது உதவும்: வாட்ஸ்அப்பா, இன்ஸ்டாவா, பிளாக்கா?

கிருஷ்ணகிரியில் மாம்பழத்தைப் பெட்டி போட்டு வெளியூருக்கு அனுப்புகிறவர், தருமபுரியில் சாமை, ராகி மாவு பாக்கெட் போடுகிறவர், ஓசூரில் நர்சரி வைத்திருப்பவர் என்று யாரிடம் பேசினாலும், "வாட்ஸ்அப் இருக்கு, இன்ஸ்டா இருக்கு, இதுக்கு மேல பிளாக் எதுக்கு?" என்றுதான் கேட்கிறார்கள். பிளாக் என்றால் நாமே கட்டுரை மாதிரி எழுதிப் போடும் வலைப்பதிவு. நியாயமான கேள்வி. யாரைப் பிடிக்கப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும்.

பழைய வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப்பை அடிக்க ஆளில்லை. "செந்தூரா மாம்பழம் வந்தாச்சு, பெட்டி இன்ன விலை" என்று காலையில் ஸ்டேட்டஸ் போட்டால் மதியத்துக்குள் ஆர்டர் வந்துவிடும். ஆனால் நீங்களும் அவரும் ஒருவர் எண்ணை ஒருவர் சேமித்து வைத்திருந்தால்தான் அந்த ஸ்டேட்டஸ் அவர் கண்ணில் படும். அதுவும் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். உங்களைக் கேள்விப்பட்டே இராத கோயம்புத்தூர்க்காரர் அந்த வழியாக வரவே மாட்டார்.

இன்ஸ்டாவும் ஃபேஸ்புக்கும் அந்தக் கோயம்புத்தூர்க்காரரை எட்டும். தோப்பில் காய் பறிக்கும் ஒரு நல்ல ரீல்ஸ் எங்கேயோ போய்ச் சேரும். ஆனால் யாருக்குக் காட்டுவது என்பதை அந்தக் கம்பெனி முடிவு செய்கிறது. இரண்டு மாதம் கழித்து அந்த வீடியோ புதுப் பதிவுகளுக்குக் கீழே போய்விடும். அப்புறம், இது வாடகைக் கடை. இதே மாதிரி சமூகத் தளங்களான ஆர்குட் 2014-லும் கூகுள் பிளஸ் 2019-லும் மூடப்பட்டன. டிக்டாக்கை 2020-ல் அரசு தடை செய்தது. அங்கே கூட்டம் சேர்த்தவர்கள் எல்லாம் வேறு இடத்தில் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று.

கூகுள் மேப்பில் உங்கள் கடையைக் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைல் பற்றி யோசிக்கவே வேண்டாம், இன்றைக்கே போட்டுவிடுங்கள். பெங்களூரிலிருந்து சேலம் பக்கமோ சென்னை பக்கமோ காரில் போகிறவர் கிருஷ்ணகிரி வந்ததும் போனில் மாம்பழக் கடை தேடினால், மேப்பில் இருக்கும் கடைக்குத்தான் வண்டியைத் திருப்புவார். விளக்கிச் சொல்லத்தான் அதில் இடமில்லை. அதோடு சேர்த்துக் கொடுத்த இலவச வலைத்தளத்தையும் 2024 மார்ச்சில் கூகுள் நிறுத்திவிட்டது.

பிளாக்குக்கு வேலை இருப்பது இந்த விளக்கிச் சொல்லும் இடத்தில்தான். மண்டிக்கு வரும் போன்களைக் கொஞ்சம் கவனியுங்கள். "கல்லு வச்சுப் பழுக்க வச்சதா?", "பெட்டியைத் திறந்தா பச்சையா இருக்கே, என்ன பண்றது?", "சாப்பிட பெங்களூரா மாம்பழம் நல்லாயிருக்குமா, இல்ல ஜூஸுக்குத்தானா?" ஒவ்வொன்றும் ஒரு பதிவு. முதல் கேள்வியையே எடுத்துக்கொள்வோம். கார்பைடு கல்லால் பழுக்க வைப்பதற்குத் தடை இருக்கிறது. எத்திலீன் வாயுவை 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் நூறு பங்கு) அளவு வரை பயன்படுத்தலாம் என்று உணவுப் பாதுகாப்பு விதி அனுமதிக்கிறது. இதைச் சொல்லிவிட்டு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று எழுதுங்கள். வைக்கோலில் வைக்கிறீர்களா, எத்தனை நாள் ஆகிறது, முதல் நாள் காய் எப்படி, எடுக்கும் நாளில் எப்படி என்று உங்கள் போனில் எடுத்த படங்களோடு. எத்திலீன் அறை வைத்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பயந்துகொண்டே தேடுகிறவருக்கு இப்படி ஒரு பக்கம் கிடைத்தால், அடுத்து உங்கள் நம்பரைத்தான் தேடுவார்.

தருமபுரி மாவுக்காரருக்கு இது இன்னும் வசதி, ஏனென்றால் அவர் சரக்குக்கு சீசன் கிடையாது. "ஒரு டம்ளர் சாமைக்கு எத்தனை டம்ளர் தண்ணீர், குக்கரில் எத்தனை விசில்" என்று ஒரு பதிவு எழுதினால் வருஷம் முழுக்க யாராவது ஒருவர் அதைத் தேடிக்கொண்டு வருவார். தலைப்பை வாடிக்கையாளர் வாயில் வரும் மாதிரியே வையுங்கள். "சாமையின் மகத்துவம்" என்று வைத்தால் அதைத் தேட யாரும் வரமாட்டார்கள். விலையை மட்டும் பதிவில் எழுதாதீர்கள். போன வருஷ விலையைக் காட்டிச் சண்டைக்கு வருவார்கள். விலை ஸ்டேட்டஸிலேயே இருக்கட்டும்.

எதில் எழுதுவது? பிளாக் எழுத வேர்டுபிரஸ், பிளாக்கர் என்று இரண்டு வசதி இருக்கிறது. வேர்டுபிரஸ் பெரிய சாமான், அதில் கடையே நடத்தலாம், பணமும் வாங்கலாம். அதற்கு ஹோஸ்டிங், அதாவது தளத்தை வைக்க இணையத்தில் வாடகை இடம் வேண்டும். முதல் வருஷம் மலிவாகக் கொடுத்துவிட்டுப் புதுப்பிக்கும்போது கூட்டிக் கேட்பது வழக்கம். கூடுதல் வசதிக்குச் சேர்க்கும் பிளக்இன்களை அப்டேட் செய்யாமல் விட்டால் யாராவது உள்ளே புகுந்து சூதாட்ட விளம்பரம் போட்டுவிட்டுப் போவார்கள். பார்த்துக்கொள்ள வீட்டில் ஒரு பிள்ளை இருந்தால் சரி. பிளாக்கர் பழைய வண்டி. 1999-ல் வந்தது, 2003-ல் கூகுள் வாங்கியது. தோற்றத்தில் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. ஆனால் காசு கிடையாது, பராமரிப்பும் கிடையாது. ஆண்டுக் கட்டணம் கட்டி ஒரு டொமைன், அதாவது தளத்துக்குச் சொந்தமாக ஒரு பெயர் வாங்கி அதனோடு இணைத்துவிட்டால் முகவரி உங்களுடையது. நாளைக்கு வேர்டுபிரஸுக்கு மாறினாலும் முகவரி மாறாது. இங்கே இருக்கும் பத்துக் கடையில் எட்டுக் கடைக்குப் பிளாக்கரே போதும் என்பது என் கணக்கு. டொமைனை மட்டும் உங்கள் பெயரில், உங்கள் மெயிலில் பதிவு செய்யுங்கள். தளம் போட்டுக் கொடுக்கிற தம்பி தன் மெயிலில் பதிந்துவிட்டுப் போன பிறகு அதை மீட்பது பெரும்பாடு.

எழுத ஆள் வைப்பதா? காசு கொடுத்தால் "எங்கள் நிறுவனம் தரத்திற்குப் பெயர் பெற்றது" என்று ஒரு பக்கம் வரும். ஏஐ எழுதிக் கொடுப்பதும் ஏறக்குறைய அதேதான், அதற்கு உங்கள் தோப்பு தெரியாது. போனில் தமிழ் வாய்ஸ் டைப்பிங் இருக்கிறது. வாடிக்கையாளரிடம் பேசுகிற மாதிரியே பேசி, எழுத்துப் பிழையை மட்டும் பார்த்துப் போடுங்கள். மாதம் இரண்டு பதிவு போதும். புதுத் தளம் கூகுளில் மேலே வரச் சில மாதங்கள் ஆகும் என்பதால் மாம்பழக்காரர் ஏப்ரலில் உட்கார்ந்து எழுதிப் பிரயோஜனமில்லை. மா பூ எடுக்கும் தை மாதத்திலேயே ஆரம்பித்துவிட வேண்டும்.