ஒசாகா பிசினஸ் ஹோட்டல்: 12 சதுர மீட்டருக்குள் என்ன இருக்கு, எது இடிக்கும்?

ஒசாகாவில் மூன்று நான்கு இரவு தங்கி ஊர் சுற்றப் போகிறவர்களுக்கு, அதுவும் தனியாகப் போகிறவர்களுக்கு, பிசினஸ் ஹோட்டலை அடித்துக்கொள்ள ஆளில்லை. சுத்தமான படுக்கை, எந்த நேரமும் வெந்நீர், நல்ல பூட்டு, பக்கத்திலேயே ஸ்டேஷன். நான்கிலும் பத்துக்கு ஒன்பது தாராளமாகக் கொடுக்கலாம். இடவசதிக்கு மூன்றுக்கு மேல் தர மனசு வராது. குடும்பத்தோடு, ஆளுக்கொரு பெரிய பெட்டியோடு போகிறவர்கள் வேறு இடம் பார்ப்பது நல்லது.

இந்த ஹோட்டல்கள் யாருக்காகக் கட்டப்பட்டவை என்பதை முதலில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். வேலை விஷயமாக வெளியூர் வரும் கம்பெனி ஊழியர். ஒரு ஆள், ஒரு ராத்திரி, ஒரு கைப்பெட்டி. அறையில் எது இருக்கிறது, எது இல்லை என்பதற்கெல்லாம் காரணம் இந்தக் கணக்குதான்.

முன்பதிவுப் பக்கத்தில் படங்களைவிட எண்களைப் பாருங்கள். சிங்கிள் அறை பெரும்பாலும் 11 முதல் 13 சதுர மீட்டர். 12 என்றால் ஏறக்குறைய 130 சதுர அடி. குளியலறையும் இதற்குள்தான் அடங்கும். அது மட்டுமே இரண்டு சதுர மீட்டருக்குக் கிட்ட வரும். 140 சென்டிமீட்டர் கட்டில் இன்னொரு மூன்றை எடுத்துக்கொள்ளும். சுவரோரம் ஒரு மேசை, அடியில் குட்டி ஃப்ரிட்ஜ். மிச்சம் இருப்பது நடக்க ஒரு சந்து. 28 அங்குலப் பெட்டியை விரித்து வைத்தால் அந்தச் சந்தும் அடைபடும், பாத்ரூம் போகப் பெட்டியைத் தாண்டித்தான் போக வேண்டும். படத்தில் கட்டிலுக்குக் காலும் அடியில் வெற்றிடமும் தெரிகிறதா என்று பாருங்கள். கட்டிலை உயர்த்தி, கீழே பெட்டி தள்ள இடம் விட்டிருக்கும் ஹோட்டல்கள் நிறைய. அப்படி இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

அடுத்தது கட்டிலின் அகலம். 'செமி டபுள்' என்ற பெயர்தான் ஜோடியாக வருகிறவர்களை மாட்டிவிடும். பெயரில் டபுள் இருந்தாலும் அது பொதுவாக 120 சென்டிமீட்டர்தான். இருவர் படுத்தால் ஆளுக்கு 60. ஒருவர் புரண்டால் மற்றவர் எழுந்தாக வேண்டும். இரண்டு பேர் என்றால் ட்வின், அதாவது தனித்தனியாக இரண்டு கட்டில் உள்ள அறை எடுங்கள். அறையும் 16, 18 சதுர மீட்டருக்கு வந்துவிடும்.

விலை அறைக்கு இல்லை, தலைக்கு. ஒருவருக்கு என்று பதிவு செய்துவிட்டு இருவர் போய் நின்றால் கவுன்டரில் கூடுதல் கட்டணம் கேட்பார்கள், இல்லையென்றால் முடியாது என்பார்கள். தலைக்கு ஒரு பதிவு, தலைக்கு ஒரு காலை உணவு, தலைக்கு ஒரு வரி என்று எல்லாமே ஆள் கணக்கில் ஓடுவதால் இதில் சமாளிப்புக்கு இடமில்லை. சின்னக் குழந்தை பெற்றோரோடு ஒரே படுக்கையில் தூங்கினால் பல இடங்களில் கட்டணம் கிடையாது. வயது வரம்பு ஹோட்டலுக்கு ஹோட்டல் மாறும், ஆனாலும் குழந்தை வருவதைப் பதிவிலேயே சொல்லிவிட வேண்டும்.

இன்னும் ஒன்று, புகை. ஜப்பானிய ஹோட்டல்களில் புகைபிடிக்கும் அறைகள் இன்னமும் உண்டு. கடைசி நேரத்தில் மலிவாகக் கண்ணில் படுவது பல சமயம் அதுதான். 'கின்-என்' என்றால் புகை கூடாத அறை, 'கித்சு-என்' என்றால் புகைபிடிக்கலாம். பேர் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும், வாடை ஒன்றுபோல இருக்காது. திரைச்சீலையில் ஊறிய சிகரெட் நாற்றத்தை எந்த ஸ்ப்ரேயும் எடுக்காது.

வார நாளில் ஏழெட்டாயிரம் யென்னுக்குக் கிடைக்கும் அறை சனிக்கிழமை இரவு இரட்டிப்பாவது சாதாரணம். ஏப்ரல் கடைசி முதல் மே முதல் வாரம் வரையிலான கோல்டன் வீக், ஆகஸ்ட் நடுவில் வரும் ஓபோன் பண்டிகை, புத்தாண்டு ஆகிய மூன்று சமயங்களில் கேட்கவே வேண்டாம். இதன் மேல் ஒசாகா மாகாணத்தின் தங்கல் வரி தனி. 2025 செப்டம்பர் 1 முதல், ஒருவருக்கு ஒரு இரவுக் கட்டணம் 5,000 யென்னுக்குக் கீழே இருந்தால் வரி இல்லை. 5,000 முதல் 15,000க்குள் 200 யென், 15,000 முதல் 20,000க்குள் 400, அதற்கு மேல் 500. இணையத்தில் முழுப் பணமும் கட்டியிருந்தாலும் இதைக் கவுன்டரில் தனியாக வாங்குவதுண்டு. ஏமாற்று வேலை இல்லை.

பாஸ்போர்ட்டை வாங்கி நகல் எடுப்பதும் அப்படித்தான். ஜப்பானில் முகவரி இல்லாத வெளிநாட்டவரின் நாட்டையும் பாஸ்போர்ட் எண்ணையும் ஹோட்டல் பதிவு செய்தே ஆக வேண்டும் என்பது விதி. அங்கேயே வேலையிலோ படிப்பிலோ இருப்பவர்கள் தங்கள் ஜப்பான் முகவரியை எழுதினால் போதும்.

எந்தப் பகுதியில் எடுப்பது? எல்லோரும் ஊரின் தெற்கு மையமான 'நம்பா' என்பார்கள். கன்சாய் விமான நிலையத்திலிருந்து நன்காய் ரயில் 970 யென்னில், முக்கால் மணி நேரத்தில் அங்கே இறக்கிவிடும். சாப்பாட்டுக் கடைகளுக்குப் பேர்போன டோத்தொம்போரி நடக்கும் தூரம். ஆனால் ராத்திரி கூச்சலும் அங்கேதான். எங்கள் ஓட்டு ஹொம்மாச்சிக்கு. அலுவலகங்கள் நிறைந்த பகுதி, மாலை ஏழு மணிக்கு மேல் அடங்கிவிடும். மிடோசுஜி சுரங்க ரயில் லைனில் வடக்கே இரண்டாவது ஸ்டேஷன் உமேடா, தெற்கே இரண்டாவது நம்பா. எந்தப் பக்கம் போனாலும் 190 யென். துறைமுகப் பக்கம் போகும் சூவோ லைனும் இங்கேயே கிடைக்கும். வாரக் கடைசியில் கம்பெனி ஆட்கள் வராததால் மற்ற இடங்களைவிட விலையும் ஏறாமல் நிற்கும். ஷின்-ஒசாகா, விடியற்காலையில் ஷின்கான்சென் என்ற புல்லட் ரயில் பிடிக்கிறவர்களுக்கு மட்டும். ஷின்-இமாமியா பக்கம் மிக மலிவு. நாள்கூலித் தொழிலாளர்கள் தங்கிய பழைய விடுதிகள் பலவும் அங்கே பயணிகளுக்கான அறைகளாக மாறியிருக்கின்றன. மூன்று தத்தாமிப் பாய் விரிக்கும் அளவு அறை, பொதுக் குளியலறை. பாதுகாப்புக்குக் குறைவில்லை, ஆனால் அது வேறு வகைத் தங்கல்.

'ஸ்டேஷனிலிருந்து 5 நிமிடம்' என்பதையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. ஜப்பானில் வீட்டு விளம்பரங்களுக்கு 80 மீட்டர் என்றால் ஒரு நிமிடம் என்று ஒரு கணக்கு. ஹோட்டல்களும் பெரும்பாலும் அதையே எடுத்துக்கொள்கின்றன. அந்தக் கணக்கு ஸ்டேஷனின் மிக அருகிலுள்ள வாசலிலிருந்து தொடங்கும், நீங்கள் இறங்கும் பிளாட்பாரத்திலிருந்து அல்ல. உமேடாவிலோ நம்பாவிலோ நிலத்தடியில் அந்த வாசலைக் கண்டுபிடிக்கவே பத்து நிமிடம் ஆகும். வாசல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதோடு லிஃப்ட் உள்ள வாசல் எது என்றும் பாருங்கள். பக்கத்து வாசலில் படிக்கட்டு மட்டும்தான் இருக்கும், பெட்டியைத் தோளில்தான் ஏற்ற வேண்டும்.

இனி அறைக்குள். முதல் தடவை போகிறவர்களைத் திணறடிப்பது 'யூனிட் பாத்'. கழிப்பறை, வாஷ்பேசின், குளியல் தொட்டி மூன்றும் ஒரே பிளாஸ்டிக் கூட்டுக்குள். தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து பொருத்துவது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்குக்கு முன் ஹோட்டல் நியூ ஒட்டானியின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அறைகளைச் சீக்கிரம் முடிக்க டோட்டோ நிறுவனம் செய்து கொடுத்த முறை இது. பிறகு நாடெங்கும் பரவிவிட்டது. '1216' என்று எழுதியிருந்தால் உள்ளளவு 1.2 மீட்டருக்கு 1.6 மீட்டர். தரைக்கு அடியில் குழாய்கள் ஓடுவதால் வாசலில் ஒரு படி உயரம் இருக்கும். தூக்கக் கலக்கத்தில் கால் விரல் இடிபடுவது அங்கேதான்.

குளிக்கும்போது திரையின் கீழ் ஓரம் தொட்டிக்கு உள்ளே விழ வேண்டும். வெளியே விழுந்தால் தண்ணீர் அதன் வழியே தரைக்கு வந்து, கால் மிதியடி, டாய்லெட் பேப்பர் எல்லாம் நனைந்து கூழாகிவிடும். வாளியும் குவளையும் கிடையாது. குழாய் பல இடங்களில் ஒன்றே ஒன்றுதான். அந்தப் பக்கம் திருப்பினால் வாஷ்பேசினுக்கு, இந்தப் பக்கம் திருப்பினால் தொட்டிக்கு. அதன் கைப்பிடியில் ஒரு பக்கம் ஷவர், இன்னொரு பக்கம் 'கரன்'. கரன் என்றால் குழாய், டச்சு மொழியிலிருந்து வந்த சொல். குளித்து முடித்ததும் கரன் பக்கம் திருப்பி வையுங்கள். மறந்தால், அடுத்து கை கழுவப் போகிறவர் தலையில் மழைதான். வெப்பநிலைத் திருகு 40இல் தட்டி நிற்கும். ரிப்பேர் இல்லை, பாதுகாப்புக்கு வைத்தது. பொத்தானை அழுத்திக்கொண்டு திருப்பினால் அதற்கு மேலும் போகும்.

கழிப்பறையைப் பற்றி நம்மவர்கள் குறை சொல்லி யாரும் கேட்டதில்லை. வெதுவெதுப்பான இருக்கை, தண்ணீரில் கழுவும் வசதி. உட்கார்ந்த பிறகுதான் அது வேலை செய்யும். முதலில் நிறுத்தும் பொத்தான் எது என்று கண்டுபிடித்துவிட்டு மற்றதைத் தொடுங்கள். சதுரக் குறி போட்டிருப்பது அதுதான். 2017இல் தயாரிப்பாளர்கள் ஒரே மாதிரிப் படக்குறிகள் வைக்க ஒப்புக்கொண்டார்கள். பழைய கருவிகளில் இன்னும் ஜப்பானிய எழுத்து மட்டும்தான். பேப்பரைக் குப்பைத் தொட்டியில் போடாமல் உள்ளேயே போட்டுத் தண்ணீர் விட வேண்டும்.

மின்சாரம் 100 வோல்ட், தட்டையான இரு முனை பிளக். மூன்று முனை பிளக் செருக முடியாது. ஃபோன், லேப்டாப் சார்ஜரில் 100-240 என்று போட்டிருந்தால் அடாப்டர் மட்டும் போதும். 230 வோல்ட்டுக்குச் செய்த குட்டி ரைஸ் குக்கர், கெட்டில் வகையறாவை எடுத்துப் போகவே வேண்டாம். வோல்ட் பாதிக்கும் கீழே குறையும்போது சூடு அதன் வர்க்கத்தில் குறையும். 1000 வாட் கெட்டில் அங்கே 190 வாட்தான் தரும். அரிசி ஊறும், வேகாது. அறையிலேயே அந்த ஊர்க் கெட்டில் இருக்கும், குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம். ஃப்ரிட்ஜ் பல இடங்களில் அணைத்தே இருக்கும், சுவிட்ச் உள்ளேயோ பின்னாலோ. தயிர் வாங்கி வைப்பவர்கள் கவனிக்க. சாவி அட்டையைச் செருகினால்தான் விளக்கு எரியும் அறைகளில், அட்டையை எடுத்ததும் பிளக் பாயின்ட் சிலவும் சேர்ந்து செத்துவிடும். சார்ஜ் போட்டு வெளியே போகிறவர்கள் எது உயிரோடு இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

பழைய கட்டடங்களில் ஏசி மொத்தக் கட்டடத்துக்கும் ஒன்று. பருவத்துக்கு ஏற்பக் குளிரூட்டலையும் வெப்பமூட்டலையும் அவர்களே மாற்றுவார்கள். ஏப்ரல், நவம்பர் மாதிரி இடைக்காலத்தில் ரிமோட்டில் 18 வைத்தாலும் குளிர்ந்த காற்று வராது. ஜன்னலும் நாலு விரல் அகலம்தான் திறக்கும். 'அறைதோறும் தனி ஏசி' என்று குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

காலை உணவு, சைவர்களுக்குச் சிக்கல். டொயோகோ இன் என்ற ஹோட்டல் குழுமம் இலவசமாகவே கொடுக்கிறது, அசைவருக்கு நல்ல லாபம். ஆனால் மிசோ சூப்பில் மீன் சாறு, நாத்தோ என்ற புளித்த சோயாவோடு வரும் சாஸ் பொட்டலத்தில் மீன் சாறு, கடைக் கறிக் குழம்புக் கட்டியில் பெரும்பாலும் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ. கண்ணுக்குக் காய்கறியாகத் தெரிவதை நம்பி எடுக்கக் கூடாது. வெறும் சோறு, பிரெட், பழம், சாஸ் ஊற்றாத தோஃபு, டிரெஸ்ஸிங் இல்லாத சாலட். இவ்வளவுதான் தேறும். முட்டை சாப்பிட்டால் அவித்த முட்டை. ஒரு பாட்டில் ஊறுகாயும் பருப்புப் பொடியும் இந்த இடத்தில் கைகொடுக்கும். டோர்மி இன் என்ற இன்னொரு ஹோட்டல் குழுமத்தில் இரவு 9:30 முதல் 11 வரை ஒரு சின்னக் கிண்ணம் நூடுல்ஸ் இலவசம், அதன் சூப்பும் சைவம் இல்லை. சைவர்கள் 'சுதோமாரி', அதாவது சாப்பாடு இல்லாத கட்டணத்தை எடுப்பதே மிச்சம்.

துவைக்கும் மெஷின் பெரும்பாலான ஹோட்டல்களில் உண்டு. ஒரு தடவை துவைக்க 200 முதல் 400 யென், உலர்த்த 30 நிமிடத்துக்கு 100. நூறு யென் காசு மட்டும்தான் ஏற்கும், கவுன்டரில் மாற்றித் தருவார்கள். மின்சார உலர்த்தி மெதுவானது, ஜீன்ஸ் போட்டால் ஒன்றரை மணி நேரமும் போதாது. இரவு ஒன்பதிலிருந்து பதினொன்று வரை வரிசை. மெஷின் காலியா என்று அறை டிவியிலேயே காட்டும் ஹோட்டல்களும் உண்டு.

செக்-இன் பெரும்பாலும் பிற்பகல் 3 மணி, செக்-அவுட் காலை 10 அல்லது 11. நேரம் தாண்டினால் மணிக்கணக்கில் கட்டணம். சீக்கிரம் வந்தாலும், காலி செய்த பிறகும் பெட்டியைச் சும்மாவே வைத்துக்கொள்வார்கள், எண் போட்ட சீட்டு ஒன்று தருவார்கள். அடுத்து டோக்கியோ போகிறீர்கள் என்றால் பெட்டியை இழுத்துக்கொண்டு திரியத் தேவையில்லை. முந்தின நாளே கவுன்டரில் தக்யூபின், அதாவது பெட்டி அனுப்பும் கூரியர் படிவம் கேட்டு அனுப்பினால் பொதுவாக மறுநாள் போய்ச் சேரும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 160 சென்டிமீட்டர் வரை என்றால் எடை 25 கிலோவுக்குள், 200 வரை என்றால் 30 கிலோவுக்குள். படிவத்தில் அடுத்த ஹோட்டலின் முகவரியோடு செக்-இன் தேதியையும், எந்தப் பெயரில் அறை போட்டிருக்கிறதோ அந்தப் பெயரையும் அப்படியே எழுதுங்கள். பெயர் மாறினால் அங்கே பெட்டியை வாங்க மறுப்பதும் உண்டு. ஷின்கான்செனிலேயே கூடக் கொண்டு போவதானால், கூட்டு அளவு 160ஐத் தாண்டி 250 வரை உள்ள பெட்டிக்கு அதற்கான கடைசி வரிசை இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும். அதற்குத் தனிப் பணம் இல்லை. பதிவு செய்யாமல் ஏறினால் 1,000 யென்.