4கே 60 ஃபிரேம் வீடியோ திக்குகிறதா? விஎல்சியா, எம்பிவியா, ஹேண்ட்பிரேக்கா?

நொடிக்கு 24 ஃபிரேம் (தனிப் படம்) ஓடும் வீடியோ என்றால் ஒரு ஃபிரேமைத் தயார் செய்ய லேப்டாப்புக்குச் சுமார் 42 மில்லிநொடி கிடைக்கும். 60 ஃபிரேமில் 16.7 மட்டுமே. அதற்குள் முடியாதவை கைவிடப்படுகின்றன. திக்கித் திக்கி ஓடுவது அதனால்தான்.

பிளேயரை மாற்றும் முன், டீகோட் வேலையை, அதாவது சுருக்கி வைத்த வீடியோவை விரித்துப் படமாக்குவதை, யார் செய்கிறார்கள் என்று பாருங்கள். விண்டோஸ் டாஸ்க் மேனேஜரின் ஜிபியு (கிராஃபிக்ஸ் சிப்) பக்கத்தில் 'வீடியோ டீகோட்' வரைபடம் அசையாமல் கிடக்க, சிபியு மட்டும் திணறினால், சுமை முழுவதும் சிபியு தலையில் விழுந்திருக்கிறது என்று பொருள்.

செகண்ட் ஹேண்டில் இன்றும் கைமாறும் இன்டெல் 6ஆம் தலைமுறை லேப்டாப்பை எடுத்துக்கொள்வோம். அதன் சிப் ஹெச்இவிசி என்ற சுருக்கும் முறையில் 8 பிட் நிற அளவுள்ள வீடியோவை முழுமையாக டீகோட் செய்யும். நிற நுணுக்கம் கூடிய 10 பிட் என்றால் பெரும்பகுதி சிபியுவுக்குப் போய்விடும். ஐபோன் 12 முதல் வரும் ஹெச்டிஆர் வீடியோக்கள் 10 பிட் ஹெச்இவிசிதான். அதனால் ஒரே போனில் எடுத்த 4கே 60 வீடியோக்களில் சாதாரணமானது வழுக்கிக்கொண்டு ஓடும், ஹெச்டிஆர் மட்டும் திக்கும். 10 பிட் ஹெச்இவிசியும், யூடியூப் பயன்படுத்தும் விபி9 என்ற சுருக்கும் முறையும் 7ஆம் தலைமுறையில் முழுமையாக வந்தன. அதைவிடப் புதிய முறையான ஏவி1 வர 11ஆம் தலைமுறை ஆனது.

சிப்பில் வசதி இருந்தும் திக்கினால்தான் பிளேயர் பேச்சுக்கே இடம். 2018இல் வந்த விஎல்சி 3.0 முதல் ஹார்டுவேர் டீகோடிங் (சிபியுவுக்குப் பதில் ஜிபியு டீகோட் செய்வது) தானாகவே இயங்குகிறது. தொழில்நுட்பம் தெரியாதவருக்கு அதையே தருவேன். சிக்கல் வந்தால் அமைப்புகளில் 'ஆட்டோமேட்டிக்' என்பதை டைரக்ட்3டி11 என்று மாற்றிப் பார்க்கலாம்.

ஆனாலும் 60 ஃபிரேமுக்கு என் தேர்வு எம்பிவி என்ற பிளேயர். அதில் ஹார்டுவேர் டீகோடிங் தொடக்கத்தில் அணைந்தே இருக்கும். கண்ட்ரோலுடன் ஹெச் அழுத்தினால் வந்துவிடும். ஐ விசையை அழுத்தினால் எந்த டீகோடர் ஓடுகிறது, எத்தனை ஃபிரேம் விழுந்தது என்று திரையிலேயே காட்டும். ஊகிக்க வேண்டியதே இல்லை. இன்னொரு நுட்பமும் உண்டு. பல வீடியோக்கள் உண்மையில் 59.94 ஃபிரேம், திரையோ 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும். அதனால் 17 நொடிக்கு ஒருமுறை ஒரு ஃபிரேம் இரட்டித்து, காட்சி லேசாகத் தடுக்கும். எம்பிவியின் 'டிஸ்பிளே ரீசாம்பிள்' அமைப்பு ஒலியின் வேகத்தைக் காதுக்குத் தெரியாத அளவு மாற்றி இதைச் சரிசெய்கிறது. கேமரா மெதுவாக நகரும் காட்சிகளில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

சிப்பில் வசதியே இல்லை என்றால் வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்றும் மென்பொருளான ஹேண்ட்பிரேக்கில் 1080பி ஹெச்.264 (பழைய சுருக்கும் முறை) ஆக மாற்றிக்கொள்வதே உருப்படியான வழி. நேரம் பிடிக்கும், மூலக் கோப்பை அழித்துவிடாதீர்கள். அதன் வழக்கமான முன்னமைப்பு 1080பி30. அப்படியே விட்டால் 60 ஃபிரேம் பாதியாகக் குறைந்து, எதற்காக மெனக்கெட்டோமோ அதுவே போய்விடும். ஃபிரேம் வேகத்தை 'மூலத்தைப் போலவே' என்று வையுங்கள்.

யூடியூபில் மட்டும் திக்குகிறதா? வீடியோ மேல் ரைட் கிளிக் செய்து 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' திறந்து கோடெக்கை (சுருக்கும் முறையை)ப் பாருங்கள். பழைய லேப்டாப்பில் ஏவி1 வந்தால், என்ஹான்ஸ்டு ஹெச்264ஃபை என்ற பிரவுசர் நீட்டிப்பில் ஏவி1-ஐ மட்டும் தடுங்கள். விபி9-ஐயும் தடுத்தால் 1080பிக்கு மேல் கிடைக்காது.

கோப்பு பென்டிரைவில் இருப்பதால் திக்குகிறது என்பார்கள். நொடிக்கு 100 மெகாபிட் வீடியோவுக்கும் 12.5 மெகாபைட் வேகம் போதும். அது அரிதாகவே காரணம். டிவியில் மட்டும் திக்கினால் ஹெச்டிஎம்ஐ போர்ட்டைச் சந்தேகியுங்கள்: 1.4 ரகப் போர்ட் 4கே படத்தை 30 ஹெர்ட்ஸில்தான் அனுப்பும். டிஸ்பிளே அமைப்பில் 1080பி 60 ஹெர்ட்ஸுக்கு இறக்கினால் ஓட்டம் சீராகிவிடும்.